செபஸ்தியாம்பிள்ளை தொட்ட கால்

என் கணவருக்கு இரண்டு குடும்பங்கள். ஒன்று லண்டனில் மிச்சம் என்கிற இடத்தில் இருக்கிறது. பிள்ளைகள் இருவரும் கலியாணம் கட்டித் தனியே போய்விட்டதால் அதில் இப்போது நான் மட்டும்தான். மற்றக் குடும்பம் ஸ்ட்ரெதம் பக்கத்தில், ஒரு சின்ன நூதனசாலையின் மேல்மாடியில், வலது பக்க அறையில் இருக்கிறது. அங்கே உள்ளவர்கள் செத்து இரண்டாயிரத்து அறுநூறு வருடத்துக்கு மேலாகிறது. அவர்களோடு இவர் ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் இருப்பார். என்னோடு இருந்து சாப்பிடுவது அரை மணித்தியாலம். இதில் யார் மூத்த தாரம் என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

நான் டொலறஸ், குருநகர்க்காரி. அவர் செபஸ்தியாம்பிள்ளை, மன்னாரில் பேசாலை. லண்டனுக்கு வந்து முப்பது வருடம் தாண்டிவிட்டது. வந்த புதிதில் பெற்றோல் ஸ்டேஷனில் நின்றார். பிறகு சுப்பர்மார்க்கெட்டில் பெட்டி தூக்கித் தட்டு அடுக்கினார், முதுகு பிடித்துக்கொண்டது. உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று பாருங்கள் என்று டொக்டர் சொன்னார். எங்கள் ஆள் தேடிப் பிடித்தது நாள் முழுக்க நின்று செய்கிற வேலை. நூதனசாலைக் காவலாளர்.

காவலாளர் என்றவுடன் துவக்கும் தொப்பியும் என்று நினைக்க வேண்டாம். கருநீல ஜக்கெட், இடுப்பில் ஒரு வோக்கிடோக்கி. சொல்ல வேண்டிய வசனங்கள் மூன்று. கழிப்பறை கீழே இடது பக்கம். பிளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது. தயவுசெய்து தொடாதீர்கள். பதினேழு வருடமாக இந்த மூன்றையும் சொல்லித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. நானும் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன் என்பதையும் சொல்லி வைக்கிறேன். இல்லாவிட்டால் எல்லாப் பெருமையும் அவருக்கே போய்விடும்.

அந்த நூதனசாலையின் பெயரை எழுதுவது நல்லதில்லை. விக்டோரியா ராணி காலத்தில் தேயிலை விற்றுப் பணக்காரரான ஒருவர் கப்பல் கப்பலாக அள்ளிக்கொண்டு வந்த சாமான்கள் உள்ள வீடு அது. கீழே பஞ்சு அடைத்த பறவைகள். மேலே இடது பக்கம் எகிப்து, வலது பக்கம் நூபியா. எகிப்து அறையில் மம்மி இருப்பதால் சனம் முட்டி மோதும். நூபியா அறைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கழிப்பறை தேடி வழி தவறியவர்கள். புதிதாக வேலைக்கு வருகிறவரைத்தான் அந்த அறைக்கு அனுப்புவார்கள். இவரையும் அனுப்பினார்கள். மற்றவர்கள் ஆறு மாதத்தில் கெஞ்சிக் கேட்டு மம்மிப் பக்கம் மாறிவிடுவார்கள். இவர் மாறவில்லை.

ஆள் இல்லாத அறையில் ஒரு மனிதன் எட்டு மணித்தியாலம் என்ன செய்வான்? சுவரில் எழுதியிருப்பதை வாசித்தார். முடிந்ததும் திரும்ப வாசித்தார். பிறகு மிச்சம் நூலகத்தில் புத்தகம் எடுத்தார். பெற்றோல் ஸ்டேஷன் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு அகராதியும் கையுமாக வரிவரியாகப் படித்தார். இரவுச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்தால், "இஞ்சேரும், இண்டைக்கு ஒரு விசயம் கண்டுபிடிச்சன்" என்று தொடங்குவார். சம்பள உயர்வாக்கும் என்று நானும் முதல் இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்ன கதை இதுதான். நூபியா என்பது எகிப்துக்குத் தெற்கே, இப்போதைய சூடான் பக்கம். அங்கே தங்கம் இருந்தது. தங்கம் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரன் சும்மா இருப்பானா? எகிப்தியர் இறங்கி வந்தார்கள், கோட்டை கட்டினார்கள், தங்கள் ஆளை அதிகாரியாக வைத்தார்கள், ஏறத்தாழ ஐந்நூறு வருடம் ஆண்டார்கள். தங்கத்தைக் கொண்டுபோனார்கள், பதிலுக்குத் தங்கள் தெய்வத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அமுன் என்று பெயர். நூபியாவில் ஒரு மலையடியில் அந்த அமுனுக்குப் பெரிய கோவில் எழும்பியது. காலப்போக்கில் எகிப்தின் பவிசு குறைந்தது. ஆளுக்கொரு ஊரைப் பிடித்து வைத்துக்கொண்டு நான்தான் ராசா என்றார்கள். தெற்கே இருந்த நூபியர் மட்டும் படித்த வழிபாட்டை விடவில்லை. கடைசியில் பியே என்ற நூபிய ராசா படையைத் திரட்டிக்கொண்டு வடக்கே போனார். சண்டைக்கு முன்னே ஆற்றில் குளித்துச் சுத்தமாகி, அமுனைக் கும்பிட்டுவிட்டுத்தான் அடிக்க வேண்டும் என்று தன் படைக்குக் கட்டளை. அடித்தார்கள். எகிப்து முழுவதும் அவர் காலில் விழுந்தது.

இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போது எனக்கு விளங்கப்படுத்தினார்.

"சுத்திவரப் பாரும் டொலறஸ். எங்கடை ஆக்களுக்கு வேதம் சொல்லித் தந்தது வெள்ளைக்காரன். இப்ப அவன்ரை கோவிலிலை ஆர் நிக்கினம்? நாங்கள், கோவாக்காரர், நைஜீரியாக்காரர், போலந்துக்காரர். அவன் வீட்டிலை படுத்துக் கிடக்கிறான். பியே எகிப்துக்குப் போனதும் இப்பிடித்தான்."

அந்த நேரம் பார்த்து எங்கள் சங்கத்து றொனால்ட், தன் காரை மறித்து நிறுத்தியவனைத் தேடிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"பியேயும் பூசை முடிய கார் பார்க்கிலை சண்டை பிடிச்சவரோ?" என்று கேட்டேன்.

"உமக்கு எல்லாம் பகிடி" என்றார். ஆனால் சிரித்துவிட்டார்.

பியேயில் எனக்கு ஒரு கோபம் உண்டு. தவக்காலம் முழுக்க நாங்கள் இறைச்சி தொடுவதில்லை. மீன்தான். வெள்ளிக்கிழமைகளில் இவருக்கு ஒரு டப்பாவில் மீன்குழம்பு கட்டிக் கொடுப்பேன். ஒருநாள் ஊழியர்கள் அறையில் மைக்ரோவேவுக்கு மேலே ஓர் அறிவித்தல் தொங்கியது. தயவுசெய்து மீன் சூடாக்க வேண்டாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இவர் என்னடா என்றால் மகிழ்ச்சியாக வீட்டுக்கு வருகிறார். பியேயிடம் தோற்ற ராசாக்கள் சரணடைய வந்தபோது, மீன் சாப்பிடுகிறவர்கள் என்று சொல்லி அவர்களை மாளிகைக்கு உள்ளே விடாமல் வாசலில் நிறுத்தி வைத்தார்களாம். மீன் சாப்பிடாத ஒருவர் மட்டும் உள்ளே போனாராம். அதைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்களாம்.

"எண்டால், உங்கடை ராசா எங்களையும் வாசலிலைதான் விட்டிருப்பார்" என்றேன்.

"ஓம், அதுதானே பகிடி!" என்று துள்ளினார். என் மீன்குழம்பைப் பழித்த ராசாவுக்கு அன்றிலிருந்து என் வீட்டில் மரியாதை இல்லை.

இவருக்கு மிகவும் பிடித்தவர் பியேயின் மகன் தஹார்கா. அந்த ராசா தன் படையைப் பாலைவனத்தில் மைல் கணக்காக ஓடவிட்டுப் பழக்கினார், தானும் கூடவே கொஞ்ச தூரம் ஓடினார். லண்டன் மரதன் நடக்கிற நாளெல்லாம் எனக்கு இந்தக் கதை இலவசம். நைல் பெருகி, விளைச்சல் கொட்டி, கோவில் கோவிலாகக் கட்டிய காலம் அது. பிறகு கிழக்கிலிருந்து அசீரியர் வந்தார்கள். அவர்களிடம் இரும்பு ஆயுதம் நிறைய இருந்தது. தலைநகரம் போனது, ராசாவின் மனைவியும் மகனும் பிடிபட்டார்கள், அவர் தெற்கே தப்பி ஓடினார். அடுத்து வந்தவர் ஒருமுறை முட்டிப் பார்த்தார். சரிவரவில்லை. எகிப்தில் நூபியர் ஆண்டது நூறு வருடம்கூட முழுதாக இல்லை. அதற்குப் பிறகு வந்த எகிப்திய ராசா ஒருவருக்கு அந்த நூறு வருடமே பொறுக்கவில்லை. உளியும் ஆளும் அனுப்பி, எகிப்தில் எங்கெங்கே நூபிய ராசாக்களின் பெயர் இருந்ததோ அங்கெல்லாம் கொத்தி எடுக்கச் சொன்னார். நூபிய ராசாக்கள் நெற்றியில் இரண்டு நாகம் வைப்பார்கள். ஒன்று எகிப்துக்கு, ஒன்று நூபியாவுக்கு என்று இவர் சொல்வார். அதில் ஒன்றையும் உடைக்கச் சொன்னார்.

அப்படிக் கொத்துப்பட்ட ஒரு சிலைதான் இவருடைய அறையின் நடுவே நிற்கிறது. கருங்கல். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் கூட. பீடத்தின் மேல் நிற்பதால் பாதம் இரண்டும் எங்கள் நெஞ்சு மட்டத்துக்கு வரும். நெற்றியில் ஒரு நாகம் இருக்கிறது, மற்றது இருந்த இடத்தில் காயம். காலடியில் பெயர் இருந்த இடம் முழுக்கக் கொத்து. ஆகவே எந்த ராசா என்று யாருக்கும் தெரியாது. இவர் மட்டும் தஹார்காதான் என்று அடித்துச் சொல்வார். ஆதாரம் கேட்டால், "முகத்தைப் பார்க்கத் தெரியேல்லையோ?" என்பார்.

இவ்வளவையும் நான் இப்போது ஒழுங்காகச் சொல்லுகிறேன். அந்த நாட்களில் பாதிதான் என் காதில் விழுந்தது. மற்றப் பாதி எங்கே போனது என்று தெரியாது.

போன வருடம் தவக்காலத்தில் நூதனசாலை நிர்வாகம் ஒரு முடிவு எடுத்தது. நூபியா அறையை மூடப் போகிறார்கள். அங்கே சுவர் முழுக்கத் திரை கட்டி, மம்மி எழும்பி நடக்கிற மாதிரிப் படம் காட்டப் போகிறார்கள். சின்னச் சாமான்கள் பெட்டிக்குள் போகும். சிலை லண்டனுக்கு வெளியே எங்கேயோ ஒரு களஞ்சியத்துக்குப் போகும். திங்கட்கிழமை லொறி வரும். இதை இவர் எனக்குச் சொன்னது ஒரு வசனத்தில்தான். அதற்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் கதை இல்லை. நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் அந்த நிம்மதி என்னைத் தின்னத் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை, கடைசி நாள். மாலை நாலரை மணி, அறையில் ஒருவரும் இல்லை என்று நினைத்திருக்கிறார். சிலைக்கு முன்னே போய் நின்றார். எங்கள் கோவிலில் அந்தோனியாரிடம் எப்படி விடைபெறுவோமோ அப்படியே செய்துவிட்டார். பாதத்தைத் தொட்டு, தொட்ட விரல்களை உதட்டில் வைத்து முத்தமிட்டார்.

நாங்கள் எல்லாரும் செய்வதுதான். பள்ளிச் சோதனைக்குப் போகும்போது, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, ஊருக்குப் பிளேன் ஏறும்போது. கை தானாகப் போகும், மூளையைக் கேட்காது. கோவிலில் செய்தால் பக்தி. நூதனசாலையில், அதுவும் காவலாளரே செய்தால், அதற்குப் பெயர் பாரதூரமான ஒழுக்கமீறல்.

வாசலில் ஒருவர் நின்றிருக்கிறார். மழைக்கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர். அரை மணித்தியாலத்துக்கு முன்னர்தான், கல்லால் செய்த ஒரு சவப்பெட்டி மூடியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்ற அவரிடம் இவர் போய், தயவுசெய்து தொடாதீர்கள் என்று சொல்லியிருந்தார். அந்த மனிதர் சும்மா விடுவாரா? போனில் வீடியோ எடுத்தார். ஏழு செக்கன். அன்றிரவே நிர்வாகத்துக்கு அனுப்பிவிட்டார். எனக்குத் தொடாதே என்று சொன்னவர் தான் மட்டும் கொஞ்சுகிறார் என்று எழுதியிருந்தாராம். நியாயமான கேள்வி என்று இவரே சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

திங்கட்கிழமை இவரை வீட்டில் நிற்கச் சொல்லிவிட்டார்கள். லொறியையும் நிறுத்திவிட்டார்கள். சிலைக்குச் சேதமா என்று பார்த்த பிறகுதான் அதை அசைக்கலாமாம். புதன்கிழமை விசாரணை. வேலை போகலாம் என்று கடிதத்தில் கறுப்பு மையில் இருந்தது. அறுபத்திரண்டு வயதில், பிடித்த முதுகோடு, இனி யார் வேலை கொடுப்பார்?

யூனியன் பிரதிநிதி பவித்திரன் செவ்வாய் பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்தான். ஈப்போவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட மலேசியத் தமிழன், நூதனசாலையில் கொம்பியூட்டர் பார்க்கிறவன். என் கூடப்பிறக்காத தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவு நல்லவன்.

"அண்ணே, வீடியோ பின்னாலேருந்து எடுத்தது. தெளிவா இல்ல. கால் வழுக்குச்சு, விழாம இருக்கப் பிடிச்சேன், அப்புறம் மூஞ்சியத் தொடச்சேன். இவ்வளவுதான். இதச் சொன்னா முடிஞ்சிருச்சு."

"நான் வழுக்கேல்லையே" என்றார் இவர்.

"அது உங்களுக்கும் ராஜாவுக்கும் தெரியும்ணே. அவங்களுக்குத் தெரியாதுல்ல."

எனக்கு அந்த யோசனை மிகவும் பிடித்தது. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே நானும் மெருகு போட்டேன். நிலம் ஈரம் என்று சொல்லுங்கோ, முதுகு வருத்தம் என்று சொல்லுங்கோ, டொக்டர் எழுதித் தந்த துண்டு இருக்கிறது. இவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தவக்காலத்திலை என்னைப் பொய் சொல்லச் சொல்லுறீர் டொலறஸ்."

"தவக்காலம் முடிய உங்களுக்கு வேலை இருக்காது!" என்று கத்தினேன். "அந்தக் கல்லு உங்களுக்குச் சோறு போடுமோ? பேர்கூட இல்லாத கல்லு!"

இந்த வசனத்துக்காகப் பிறகு வருத்தப்பட்டேன். அந்த நேரம் படவில்லை. இவர் மேலே போய் நாளைய சேட்டுக்கு அயன் பிடித்தார்.

புதன்கிழமை பத்து மணிக்கு நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். போனை அரிசி டப்பாவுக்கு மேலே நிறுத்தி வைத்திருந்தேன். பதினொரு மணியாயிற்று, பன்னிரண்டாயிற்று. அந்தோனியாரே, அந்த மனுசன் ஒரே ஒரு பொய் சொல்லட்டும் என்று மன்றாடினேன். புனிதரிடம் கேட்கிற விண்ணப்பமா இது? ஆனால் கேட்டேன். ஒரு மணிக்கு பவித்திரன் எடுத்தான்.

"அண்ணி, நான் ரெண்டு நாள் ராத்திரி பகலா பேப்பர் ரெடி பண்ணேன். தரை ஈரம், லைட் கம்மி, எல்லாம் எழுதி வெச்சிருந்தேன். இவரு வாயத் தொறந்தாரு, எல்லாம் போச்சு."

"ஐயோ, என்ன சொன்னவர்?"

"தொட்டீங்களான்னு கேட்டாங்க. ஆமா, தொட்டேன்னாரு. தவறிப்போய்த் தொட்டீங்களான்னு கேட்டாங்க. இல்ல, விடைபெற்றேன்னாரு. சட்டம் தெரியாதான்னு கேட்டாங்க. பதினேழு வருஷமா அந்தச் சட்டத்தச் சொல்றதே நான்தான்னாரு. நான் கண்ண மூடிக்கிட்டேன் அண்ணி."

நானும் மூடிக்கொண்டேன். ஆனால் பவித்திரன் நிறுத்தவில்லை.

விசாரணையில் மூன்று பேர் இருந்தார்கள். மனேஜர், அலுவலகத்திலிருந்து ஒரு பெண், சிலைகளைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கிற ஹெலன் என்கிறவர். ஹெலன் வந்தது சேதம் உண்டா இல்லையா என்று சாட்சி சொல்ல. இவர் குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு, இன்னொன்றும் சொல்ல வேண்டும் என்றாராம். தான் தொட்ட இடம் தனக்கு முன்னரே தேய்ந்திருந்தது. இடது காலின் பெருவிரலும் அதற்குப் பின்னால் உள்ள மேடும். பார்த்தால் தெரியாது, விரலுக்குத் தெரியும்.

மனேஜர், மழையிலும் மண்ணிலும் கிடந்த கல் தேயும்தானே என்றாராம்.

அப்போதுதான் இவர் அந்தோனியாரை உள்ளே கொண்டுவந்தார். எங்கள் பங்குக் கோவிலில் உள்ள அந்தோனியார் சிலைக்கு ஒவ்வொரு வருடமும் ஜூன் மாதத் திருநாளுக்கு முன்னர் இவர்தான் பெயின்ட் அடிக்கிறவர். சனம் தொட்டுத் தொட்டுக் காலில் நிறம் போய்விடும். தண்ணீரால் தேய்ந்தால் பள்ளமும் மேடும் ஒன்றாகத் தேயும் என்றாராம். கையால் தேய்ந்தால் மேடு மட்டும் வழுவழுப்பாகும், விரல் இடுக்கில் பழைய பெயின்ட் அப்படியே இருக்கும். அதுவும் தொடுகிறவர்கள் நிற்கிற பக்கத்துக் கால்தான் அதிகம் தேயும். பதினான்கு வருடமாகத் தூரிகை பிடிக்கிற தனக்கு இது தெரியும். இந்த ராசாவின் காலையும் யாரோ கும்பிட்டிருக்கிறார்கள் என்றாராம்.

"ஹெலன் பேனாவக் கீழ வெச்சிட்டாங்க அண்ணி. மியூசியத்துக்கு வந்தவங்க தொட்டிருக்கலாமேன்னு மேனேஜர் கேட்டாரு. நான் நிக்கிற வரைக்கும் ஒருத்தரையும் தொட விட்டதில்லன்னு இவரு கோவமா சொன்னாரு. எல்லாரும் சிரிச்சிட்டாங்க. அப்புறம் அந்த ஆபீஸ் பொண்ணு, இந்த ராஜா யாருன்னு கேட்டுச்சு. அவ்வளவுதான். நாப்பது நிமிஷம். தங்கம், குதிரை, மீனு, ஓட்டப் பந்தயம், எல்லாம் வந்துச்சு. அந்தப் பொண்ணு டீ ஆறிப்போச்சு, குடிக்கவே இல்ல. லஞ்ச் டைம் வந்துருச்சுன்னு சொல்ல யாருக்கும் மனசு வரல. அண்ணி, நீங்க ரொம்பக் குடுத்து வெச்சவங்க. தெனமும் வீட்ல இதக் கேக்குறீங்கல்ல?"

நான் உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டு, "ஓம்" என்றேன். அன்று முழுக்கப் பொய் சொன்ன ஒரே ஆள் நான்தான்.

பத்து நாள் கழித்து, சனிக்கிழமை, கடிதம் வந்தது. தொட்டது குற்றம்தான். பன்னிரண்டு மாதத்துக்கு எழுத்து மூல எச்சரிக்கை. வேலை இருக்கிறது. கூடவே ஹெலன் தன் கையெழுத்தில் ஒரு தாள் வைத்திருந்தார். விளக்கும் பூதக்கண்ணாடியுமாக நாலு நாள் அந்தக் காலோடு இருந்திருக்கிறார். வழுவழுப்புக்கு மேலே மண்ணுக்குள் கிடந்த காலத்து உப்புப் படிவம் இருக்கிறதாம். ஆகவே தேய்ந்தது புதைவதற்கு முன்னர். காலடியில் பெயரைக் கொத்திய உளித் தழும்புகளின் விளிம்புகளும் கையால் தேய்ந்து மழுங்கியிருக்கின்றனவாம். ஆகவே பெயரைக் கொத்தி எடுத்த பிறகும் சனம் வந்திருக்கிறது. ராசாவின் ஆட்சி போய், பெயர் போய், நெற்றி நாகம் ஒன்று போய், இவர் யார் என்று தெரியாமலே பல தலைமுறை வந்து அந்தக் காலைத் தொட்டிருக்கிறது. இந்தச் செய்தி வெளியில் தெரிய வேண்டியது என்பதால் சிலை களஞ்சியத்துக்குப் போகாது, நூபியா அறை மூடப்படாது, நடக்கிற மம்மிப் படத்துக்குக் கீழ்த்தளத்தில் பறவைகளோடு இடம் ஒதுக்கப்படும் என்று எழுதியிருந்தது.

நான் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். கால் வழுக்கியது என்று இவர் சொல்லியிருந்தால் வேலை தப்பியிருக்கும், ராசா லொறியில் போயிருப்பார். ஒருவரும் அந்தக் காலைப் பார்த்திருக்க மாட்டார்கள். அப்படிச் சொல்லச் சொன்னவள் நான். அதுவும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே.

சிலைக்குப் பக்கத்தில் வைக்கப்போகும் புது அட்டையின் பிரதியையும் அனுப்பியிருந்தார்கள். ஹெலனின் பெயர் இருந்தது. இவர் பெயர் தேடினேன், இல்லை. எனக்குப் பழைய கோபம் வந்துவிட்டது.

"உங்கடை பேர் எங்கை? கண்டுபிடிச்சது ஆர்? நான் கடிதம் எழுதப் போறன்."

"அந்த ராசாவின்ரை பேரே அதிலை இல்லை" என்றார். "எனக்கு என்ன அவசரம்? சோறு போடும்."

சோறு போட்டேன். பருப்பு, கத்தரிக்காய், பாரை மீன் குழம்பு. அவர் தன் கதிரையில் உட்கார்ந்தார். ரீவியில் என் நாடகம் போய்க்கொண்டிருந்தது. மாமியார் மருமகளுக்கு நஞ்சு வைக்கிற கட்டம், மூன்று நாளாக வைக்கிறாள். ரிமோட்டை எடுத்து நிறுத்தினேன். கரண்ட் போய்விட்டதோ என்று இவர் லைட்டை அண்ணாந்து பார்த்தார்.

"அந்தாள் அசீரியனிட்டைத் தோத்துத் தெற்கை ஓடினவர் எல்லோ. பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"ஆர்?"

"உங்கடை ராசா."

என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "ஏன், உமக்கு என்ன வேணும்?"

"ஒண்டும் வேண்டாம். சொல்லுங்கோ."

தொடங்கினார். மூச்சு விடவில்லை. "அவர் தோத்ததோடை முடியேல்லை, சனம் இன்னும் தெற்கை போய் மெரோவே எண்ட இடத்திலை இருந்து ஆயிரம் வருசம் ஆண்டது, எகிப்தைப் பாரசீகன் பிடிச்சான், கிரேக்கன் பிடிச்சான், உரோமன் பிடிச்சான், இவையைப் பிடிக்க ஏலேல்லை, பொம்பிளையளும் ஆண்டவை, ஒரு ராணிக்கு ஒரு கண்தான், உரோமனோடை அடிபட்டவ, சக்கரவர்த்தியின்ரை சிலையிலை தலையை வெட்டிக் கொண்டந்து கோவில் படிக்குக் கீழை கிடங்கு வெட்டித் தாட்டவை..."

"இஞ்சேருங்கோ, ஏன் இந்த ஓட்டம்? ஆரும் கலைக்கினமோ?"

நிறுத்தினார். அவருக்கே அது அப்போதுதான் விளங்கியது போலிருந்தது.

"பழகிப் போச்சு" என்றார். "விளம்பரம் முடியிறதுக்கு இடையிலை சொல்லி முடிக்க வேணுமெல்லோ."

குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் நானும் திருப்பிக் கொடுத்திருப்பேன், அதில் நான் கெட்டிக்காரி. பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார். நாலாயிரம் வருடக் கதையைப் பதினேழு வருடமாக மூன்று மூன்று நிமிடமாகச் சொல்லியிருக்கிறார் இந்த மனிதர், என் சவர்க்கார விளம்பரத்துக்கும் நகைக்கடை விளம்பரத்துக்கும் நடுவில். அழுதால் குழம்பில் உப்புக் கூடிவிட்டதோ என்று கேட்பார். அதனால் கதிரையை இழுத்து அவர் பக்கம் போட்டுக்கொண்டேன்.

"ஏன் படிக்குக் கீழை தாட்டவை? ஆறுதலாச் சொல்லுங்கோ" என்றேன்.